தளம் பெயர்ந்த பின் வரும் செலவு

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத் துறையில் பிரித்தானியரின் கொடி இறங்கி இலங்கையின் கொடி ஏறியது. பதினேழு நாட்களின் பின், நவம்பர் முதலாம் திகதி, கட்டுநாயக்கா விமானத் தளமும் கைமாறிற்று. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய துறையை நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் வசம் வைத்திருந்த ஆங்கிலேயர் அதனை விட்டகன்றமை நாட்டு மக்களுக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. மகிழத் தக்க நிகழ்ச்சியே அது. எனினும், ஒரு படைத்தளம் மூடப்படும்போது கொடி இறங்குவது ஒரு நாள் வேலை. அதன் பின் வரும் செலவு பல ஆண்டுகள் தொடர்வது. அச்செலவை யார் தாங்குகின்றனர் என்பது அத்துணை எளிதிற் புலப்படுவதன்று.

முதலில் உடன்படிக்கையைப் பார்ப்போம். சுதந்திரத்துக்குச் சில மாதங்களுக்கு முன், 1947 நவம்பர் 11ஆம் திகதி, டி. எஸ். சேனநாயக்கா பிரித்தானியாவுடன் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையின்படியே அந்நாட்டுப் படைகள் இங்குத் தங்கியிருந்தன. அவை எத்தனை ஆண்டு தங்கலாம் என்ற வரையறை அதில் இல்லை. 1956 ஏப்பிரலில் பதவியேற்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, அவ்வாண்டே இலண்டனில் நடைபெற்ற பொதுநலவாயப் பிரதமர் மாநாட்டின்போது சேர் அந்தனி ஈடனுடன் பேசி, தளங்களை மீளப் பெறுவதற்கு இணக்கம் கண்டார். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் இரு அரசுகளும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டன. தளங்களில் விட்டுச் செல்லப்படும் சொத்துக்களுக்காக இலங்கை 2 கோடி 20 இலட்சம் ரூபாவை ஐந்து ஆண்டுத் தவணைகளிற் செலுத்துவதென அப்போது முடிவாயிற்று.

எமது நிலத்துக்கு நாமே விலை கொடுப்பதா என்ற கேள்வி எழுவது இயல்பு. விலை நிலத்துக்கன்று, அதன்மேல் எழுந்தவற்றுக்கே. படைத்தளம் என்பது பாதி ஊர் போன்றது. ஓடுபாதை, துறைமேடை, பட்டறை, மின்நிலையம், நீர்க்குழாய், மருத்துவமனை, வீடுகள் என யாவும் அதனுள் அடங்கும். கப்பலையும் விமானத்தையும் கொண்டுசெல்லலாம்; ஓடுபாதையைச் சுருட்டிக்கொண்டு செல்ல முடியாது. ஆகவே, பெயர்க்க முடியாதவற்றை மதிப்பிட்டு ஒரு தொகை பேசிக்கொள்வதே வழக்கம்.

ஆனால் வாங்கிய பொருள் பயன்படுமா என்பதை அம்மதிப்பீடு கூறாது. கட்டுநாயக்கா நல்ல கொள்முதல். அதன் ஓடுபாதை இருந்தமையால், 1960களில் கனடாவின் உதவியோடு அங்குச் சர்வதேச விமான நிலையம் உருவாயிற்று. திருகோணமலையின் கதை வேறு. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய நூறுக்குக் குறையாத எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தாயிரம் தொன் கொள்ளத்தக்கவை, ஒரு பேரரசின் கடற்படைக்கு எண்ணெய் வழங்க அமைந்தவை. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்து போயிற்று. ஏனையவை பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்தன. சின்னஞ்சிறு கடற்படையொன்றை 1950இலேயே தொடங்கியிருந்த நாட்டுக்கு அத்தனை தாங்கிகள் எதற்கு? பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாகக் காட்டுக்குள் மரமும் கொடியும் சூழக் கிடந்தன. 2003இல் ஒரு பகுதி இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்குச் சென்றது. எஞ்சியிருந்த 99 தாங்கிகளையும் எவ்வாறு பகிர்ந்து பயன்படுத்துவது என்ற உடன்படிக்கை 2022 சனவரியிலேதான் கைச்சாத்தாயிற்று. 61 தாங்கிகள் இரு நாட்டு நிறுவனங்களின் கூட்டுக் கம்பனிக்கு ஒதுக்கப்பட்டன.

சொத்தைவிடப் பெரிய விடயம் தொழில். திருகோணமலை நகரே துறைமுகப் பட்டறையை நம்பி வாழ்ந்த நகரம். பொருத்துநர், தச்சர், கொதிகலன் வேலையாளர், எழுதுவினைஞர், சமையற்காரர், அவர்களுக்குக் கடன் கொடுத்த கடைக்காரர் என எல்லாரும் அந்த ஒரு சம்பளப் பட்டியலோடு பிணைந்திருந்தனர். தளம் கைமாறியதும் வேலை சுருங்கிற்று. அவர்கள் இழந்த கூலியை 2 கோடி 20 இலட்சத்துக்குள் தேடினால் அகப்படாது.

இனி, இங்கிருந்து சென்ற படை எங்குச் சென்றது என்பதும் நோக்கத் தக்கது. தளம் மூடப்படும்போது தேவை மறைந்துவிடுவதில்லை. அது வேறிடம் தேடும். பிரித்தானிய விமானப்படை மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டு தீவுக்கூட்டத்தில் கான் என்ற சிறு தீவைத் தெரிந்தெடுத்தது. கான் தீவின் குடிகள் அயற்றீவுக்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்களுக்கு இடம் விட, அயற்றீவார் சிலரும் அடுத்த தீவுக்குப் பெயர வேண்டியதாயிற்று. பின்னர் 1976இல் கான் தளமும் மூடப்பட்டபோது, அங்கு வேலை செய்த அட்டு மக்கள் பிழைப்பிழந்தனர். தளத்தில் ஆங்கிலம் பழகியிருந்தமையால் பலர் வடக்கே புதிதாக எழுந்த உல்லாச விடுதிகளிற் பணி தேடிச் சென்றனர். கட்டுநாயக்கா மீண்டதன் ஒரு பங்குச் செலவை, பேச்சுவார்த்தை மேசையில் இடமேயில்லாத அம்மீனவர் செலுத்தினர் என்றே கூற வேண்டும்.

செல்வம் மிக்க நாட்டிலும் இக்கணக்கு எளிதன்று. அமெரிக்காவில் எந்தத் தளத்தை மூடப் புகுந்தாலும் அத்தொகுதிப் பிரதிநிதி தடுப்பார். ஆகவே, 1988 முதல் ஒரு தனி ஆணைக்குழு பட்டியல் வகுப்பதும், அதனை முழுவதாக ஏற்பது அல்லது முழுவதாகத் தள்ளுவது என்பதும் முறையாயிற்று. ஒவ்வொன்றாகப் பேரம் பேச இடமில்லை, நல்ல உபாயம். ஆயினும் 2005ஆம் ஆண்டுச் சுற்றுக்கு 2,100 கோடி டொலர் ஆகும் என மதிப்பிட்டிருக்க, முடிவில் ஆனது ஏறத்தாழ 3,500 கோடி. சிக்கனத்துக்காக மூடப் புகுந்த வேலை, புதிய இடத்திற் கட்டடம் எழுப்பும் வேலையாக வளர்ந்தது.

எமது வடபுலத்துக்கு வருவோம். இங்கு தளங்கள் வந்து போன அனுபவம் நூலில் படித்ததன்று. 1987 மே மாத இறுதியில் தொடங்கிய வடமராட்சிப் படை நடவடிக்கையின் பின் இராணுவம் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் முகாமிட்டது. யூலை 5ஆம் திகதி அங்கு நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதலில் கட்டடங்கள் தகர்ந்தன. பள்ளிக்கூடம் பாசறையாக ஒரு நாள் போதும். பாசறையாக இருந்த இடம் மறுபடி பள்ளிக்கூடமாவதற்குச் சுவர், கூரை, வாங்கு, மேசை, நூலகம் என ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கு மக்கள் 1990 யூனில் இடம்பெயர்ந்தனர். மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் மீண்டது 2017 யூலை 3ஆம் திகதி, 27 ஆண்டுகளின் பின். திரும்பியவர் கண்டது காணியை மட்டுமே. வீடு இல்லை, எல்லைக்கல் இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. வேலி எங்கே ஓடியது என்று முதியோரைக் கேட்டறிய வேண்டியிருந்தது. அவர்களுட் பலர் முகாம்களிலேயே இறந்துவிட்டனர். துறைமுகத்தையும் புதிதாகச் சீரமைக்க வேண்டியதாயிற்று. இன்னொரு புறம், முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவில் முகாமை வேறிடம் மாற்றுவதற்கான பணம், 2017இல், மீள்குடியேற்ற அமைச்சின் நிதியிலிருந்தே கோரப்பட்டது. குடிமக்களுக்கு வீடு கட்ட வைத்த பணப்பெட்டியிலிருந்து பாசறை பெயர்க்கும் செலவு எடுக்கப்படுமாயின், அதனை எந்தத் தலைப்பிற் பதிவது என்பது கணக்காளருக்கும் மயக்கம் தரும்.

வடமராட்சியிலிருந்து அச்சுவேலி வழியாகப் பலாலிப் பக்கம் செல்லும் வீதி 2024 நவம்பரிலேதான், 34 ஆண்டுகளின் பின், நேரக் கட்டுப்பாட்டுடன் திறக்கப்பட்டது. அதுவரை நெல்லியடிச் சந்தைக்கு வந்துபோன வசாவிளான் கமக்காரர் தெற்கே சுற்றி வந்தனர். வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத காணிகள் இன்னும் உள.