சிலிக்ராக் தடம்

சிலிக்ராக் தடம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் நகருக்கு அருகே பாலைநிலப் பாறைமேட்டில் அமைந்துள்ள மலை மிதிவண்டித் தடமாகும். 1969ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள்களுக்காக அமைக்கப்பட்ட இத்தடம், 1980களில் மிதிவண்டி ஓட்டுநர்களால் புகழ்பெற்றது. யுரேனியத் தொழில் நலிந்திருந்த மோவாபுக்குச் சுற்றுலா புது வாழ்வளித்தது.

பெயர்

லாடம் அடித்த குதிரைகள் வழுக்கியதால் "வழுக்குப்பாறை" எனப் பொருள்படும் இப்பெயர் ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது. எனினும், சொரசொரப்பான நவாகோ மணற்கல்லை ரப்பர் டயர்கள் நன்கு பற்றிக்கொள்வதால் செங்குத்தான சரிவுகளிலும் ஏற முடிகிறது.

பயணம்

முதன்மைச் சுற்று சுமார் 17 கிலோமீட்டர் நீளமுடையது. பாறைமீது தீட்டிய வெள்ளைக் கோடுகள் வழிகாட்டுகின்றன. தடத்தில் குடிநீர் கிடையாது, நிழலும் அரிது. கோடையில் வெப்பநிலை 38 பாகை செல்சியசைத் தாண்டுவதால், விடுமுறைப் பயணத்திற்கு இளவேனிலும் இலையுதிர்காலமுமே ஏற்றவை. புதியவர்களுக்கான பயிற்சிச் சுற்று நீளத்தில் குறைந்ததே தவிர, கடினத்தில் குறைந்ததன்று.

மண் பாதுகாப்பு

பாறைகளுக்கிடையே காணப்படும் கருநிற மண்மேலோடு, சயனோபாக்டீரியா, லைக்கன், பாசி ஆகியவை சேர்ந்த உயிருள்ள படலமாகும். இது மணல் காற்றில் அரித்துச் செல்லப்படாமல் காக்கிறது. ஒரு சக்கரம் ஏறிச் சிதைத்த இடம் பழைய நிலையை அடையப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆகவே, வெள்ளைக் கோடுகளை விட்டு விலகாமல் பாறைமீதே ஓட்டுவது இன்றியமையாதது.