கடற்கரைப் பாதுகாப்பு: செலவும் பயனும்

உதியன்குளங்கரையிலிருந்து தென்மேற்கே செல்வோர், நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாற்றையும், மாநில எல்லையை ஒட்டிய பொழியூரையும் அடைவர். தென்மேற்குப் பருவக்காற்றின்போது அலைகள் இக்கரையின் மணலை அரித்துச் செல்வதும், வீடுகளுள் நீர் புகுவதும் யாவரும் அறிந்தனவே. இதனோடு உலகக் கடல் மட்டமும், 1901 முதல் 2018 வரை, ஏறத்தாழ 20 செண்டிமீட்டர் உயர்ந்துள்ளது. மட்டம் சிறிது உயரினும், முன்னர் அரிதாகக் கரையேறிய வெள்ளம் அடிக்கடி கரையேறும். எனவே, சுவர் எழுப்புவதா, குடிகளை உள்நாட்டிற்குப் பெயர்ப்பதா என்னும் வினா எழுகிறது.

சுவரின் பயன் யாது? அது தடுக்கும் சேதமே அதன் பயனாகும். ஓர் உதாரணம் கொள்வோம். பத்தாண்டுகளுக்கு ஒரு முறை வரும் வெள்ளம் ஓர் ஊரில் 1 கோடி ரூபாய் சேதம் விளைவிப்பின், ஆண்டுச் சராசரிச் சேதம் 10 லட்சம் ரூபாயாகும். கடல் மட்ட உயர்வால் அவ்வெள்ளமே ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை வருமாயின், அச்சராசரி 20 லட்சமாகும். இவ்வாறு சுவரின் பயன் பெருகும். ஆயின், அதன் உயரத்தையும் பழுதுபார்க்கும் செலவையும் பெருக்க நேரிடும்.

எறணாகுளம் மாவட்டத்துச் செல்லானத்தில், நான்கு கால்களையுடைய கான்கிரீட் கட்டிகளை அடுக்கி, 7 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்சுவர் அமைக்கப்பெற்றது. இதற்கு மதிப்பிடப்பெற்ற தொகை 344 கோடி ரூபாய். அதாவது, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 47 கோடி. கேரள அரசின் 'புனர்கேகம்' திட்டமோ, உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் குடும்பம் வேறிடம் பெயர 10 லட்சம் ரூபாய் வழங்க வகுக்கப்பெற்றது. ஒரு கிலோமீட்டர் சுவருக்காகும் தொகை, இவ்வீதத்தில் 470 குடும்பங்களுக்குப் போதுமானது. ஆகவே, குடிகள் நெருங்கியுள்ள கரையில் சுவரும், குடிகள் அருகிய கரையில் பெயர்தலும் சிக்கனமாகத் தோன்றலாம்.

எனினும், ரூபாய்க் கணக்கில் எளிதில் அடங்காதனவும் உள. சுவரின் முன் மணற்பரப்பு குறையின், வள்ளம் ஏற்றவும் கரைமடி இழுக்கவும் இடமில்லாமற் போகும். கடலினுள் நீளும் குறுக்குச் சுவர் ஓர் ஊரில் மணலைத் தேக்கின், அடுத்த ஊரில் அரிப்பு மிகும். மணலின் ஓட்டத்திற்கு மாநில எல்லை கிடையாது. கரையினின்று வெகுதூரம் பெயர்ந்த மீனவரோ, நாள்தோறும் போக்குவரவுச் செலவையும் நேர இழப்பையும் ஏற்க வேண்டும்.

ஆதலின், களப்பணியாளர் மதிப்பீடு செய்கையில், மொத்தச் செலவையும் மொத்தப் பயனையும் மட்டும் எழுதி அமையலாகாது. பயன் எவ்வூர்க்கு, இழப்பு எவ்வூர்க்கு என்பதையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். ஒருவர் பெறும் பாதுகாப்பிற்கு அயலார் விலை கொடுப்பின், அவ்விலையும் செலவுக் கணக்கில் சேர்க்கத் தக்கதே.