மேல் வயிற்று வலியும் கணைய அழற்சியும்

வயிற்று வலி என்றால் சீரகத் தண்ணீரோ சோடாவோ கொடுத்துப் படுக்க வைப்பது நம் கிராமங்களில் வழக்கம். பெரும்பாலான வலிகளுக்கு அதுவே போதும். ஆயினும், விடியட்டும் என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய வலி ஒன்று உண்டு. அது கணையத்தில் திடீரெனத் தோன்றும் அழற்சியால் வருவது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக அமைந்துள்ள, சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள உறுப்பு. இது சுரக்கும் ஜீரண நீர் சிறுகுடலை அடைந்த பிறகே வீரியம் பெறும். அந்நீர் கணையத்திற்குள்ளேயே வீரியம் பெற்றுவிட்டால், வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர் வாய்க்காற் கரையையே அரிப்பதுபோல, கணையத்தையே அரிக்கத் தொடங்குகிறது.

இதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு: பித்தப்பைக் கல், நெடுநாள் மிகுதியாக மது அருந்துதல். பித்தக் குழாயும் கணையக் குழாயும் குடலைச் சேருமிடத்தில் சிறு கல் ஒன்று அடைத்துக்கொண்டால் போதும். ஆகவே இதைக் குடிகாரர் நோயென்று எண்ணுவது தவறு; மதுவைத் தொட்டறியாத பெண்களுக்கும் இது வருகிறது. குடிப்பவர்களோ வெட்கத்தால் அதை டாக்டரிடம் மறைத்துவிடக் கூடாது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 1000 மில்லிகிராமைத் தாண்டுதல், சில மருந்துகள், வயிற்றில் பலத்த அடி ஆகியவையும் காரணமாகலாம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடலிற் சேர்வதாலும் இது நேரக்கூடும் என்பதை விவசாயிகள் அறிந்திருத்தல் நலம்.

வலி மேல் வயிற்றில் கடுமையாக எழுந்து, பலருக்கு முதுகுவரை பாயும். முன்புறம் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். வாந்தி எடுத்தாலும் வலி குறையாது. மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், மனக் குழப்பம் ஆகியவை காணின் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

இந்நோய்க்குரிய வலி, இரத்தத்தில் லைபேஸ் அல்லது அமைலேஸ் இயல்பின் உச்ச அளவைப்போல் மும்மடங்குக்குமேல் இருத்தல், ஸ்கேனில் தெரியும் மாறுதல். இம்மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதியாகும். அமைலேஸ் சில நாட்களில் இறங்கிவிடுமாதலால், தாமதமாக வருவோருக்கு லைபேஸ் சோதனையே அதிகம் உதவும். அந்த எண் எவ்வளவு உயர்ந்தாலும் நோயின் கடுமையை அது காட்டுவதில்லை. பித்தக்கல்லைத் தேட அல்ட்ராசவுண்ட் அனைவருக்கும் வேண்டும். முதல் நாளிலேயே சி.டி. ஸ்கேன் எடுக்கவில்லையே என்று உறவினர்கள் டாக்டரிடம் வழக்காடுவதுண்டு. முதல் இரண்டு மூன்று நாட்களில் கணையத் திசுவின் அழிவு அதில் முழுமையாகத் தெரியாது. நோய் ஐயமின்றித் தெரிந்தபின் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. மாரடைப்பும் மேல் வயிற்று வலியாக வரக்கூடுமாதலால் இ.சி.ஜி. எடுப்பார்கள்.

சுமார் 80 சதவீதத்தினருக்கு நோய் மிதமாக வந்து நீங்கிவிடும். எவருக்குக் கடுமையாகும் என்பது தொடக்கத்தில் தெரியாதாகையால், முதல் நாளிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துத் திரவம் ஏற்றுதல் முக்கியம். 108 ஆம்புலன்ஸை அழைத்து, இரத்தச் சோதனையும் ஸ்கேனும் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே அனுப்பப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் உதவலாம்.

கல்லினால் வந்த நோயில் வலி தீர்ந்ததும் வீடு திரும்பிவிடுவது பலர் வழக்கம். பித்தப்பையை அகற்றாவிடில், சில வாரங்களிலேயே நோய் மீண்டும் தாக்கக்கூடும். மிதமான நோயாயின், அதே முறை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்துகொள்ள இயலுமா என்று டாக்டரைக் கேட்டறிய வேண்டும்.