ரோபோவிடம் ‘ம்’ கொட்டினால் என்ன ஆகும், தெரியுமா?

காட்டுப்பள்ளிக்கு வடக்கே விரியும் பழவேற்காடு ஏரியில் யார், எங்கே, எப்போது இறால் வலை கட்டுவது? அதற்குக் காலங்காலமாக ‘பாடு’ முறை இருக்கிறது. சீட்டுப் போட்டு இடத்தைப் பிரித்துக்கொள்வார்கள். தன் பாடு இல்லாதவர் அங்கே வலை இறக்கமாட்டார். வலைக்குச் சரி, பேச்சுக்கு? அதே ஆட்கள் கரையில் மீன் விலை பேசும்போது யாரும் சீட்டுக் குலுக்குவதில்லை. ஆனாலும் ஒருவர் முடித்த கையோடு அடுத்தவர் ஆரம்பித்துவிடுகிறார்!

அந்த இடைவெளி எவ்வளவு தெரியுமா? 2009-ல் தான்யா ஸ்டிவர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 10 மொழிகளில் அளந்து பார்த்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரி 0.2 விநாடிதான்! டேனிஷ்காரர்கள் சற்று நிதானம், 0.47. முதலிடம் யாருக்கு? தமிழைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் ஜப்பானியருக்கு: 0.007! ‘வருவானா, வரமாட்டானா’ என்பது கடைசியில்தானே தெரியும்? அதற்குள் எப்படி?

இன்னொரு கூத்து. ஒரு படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னாலே நமக்கு 0.6 விநாடி பிடிக்கிறது. அப்படியானால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே பதிலைத் தயார் செய்துவிடுகிறோம்! குரலின் ஏற்ற இறக்கம், கண் திரும்புவது, வாக்கியத்தின் போக்கு, எல்லாமே நமக்குத் துப்பு.

ரோபோவுக்கு இங்கேதான் இடறுகிறது. 2016-ல் சென்னையில் சிட்டி யூனியன் வங்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ‘லக்ஷ்மி’ ரோபோவை அறிமுகப்படுத்தியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. ஆனால் பதில் தெரிந்தால் போதுமா, வாய் திறக்கும் நேரமும் தெரிய வேண்டாமா? பேசும் இயந்திரங்களில் பல, மௌனத்தைத்தான் எண்ணுகின்றன. முக்கால் விநாடி, ஒரு விநாடி சத்தமில்லையா? ‘நம்ம முறை’ என்று புகுந்துவிடும். நீங்கள் யோசிக்க நிறுத்தினாலும் அதே கதிதான். படகு இன்ஜின் இரைச்சலில் நிறுத்தினாலோ, மௌனமே கிடைக்காமல் விழிக்கும்!

ஜப்பானில் ஷிவா (நம்ம ஊர் ஆள் இல்லை!), கன்டா ஆகியோரின் ஆய்வுக் குழு 2008-ல் கண்டது இன்னும் விசித்திரம்: ரோபோ உடனே பதில் சொல்வதைவிட ஒரு விநாடி தாமதித்தால் மக்களுக்குப் பிடிக்கிறது, இரண்டு விநாடி ஆனால் அந்தப் பிடிப்பு குறைந்துவிடுகிறது. தாமதமாகும்போது ‘எட்டோ’ என்று இழுத்தால் மன்னித்துவிடுகிறார்கள். நம் ‘வந்து...’ மாதிரிதான்!

சரி, ‘ம்’? நமக்கு அது ‘மேலே சொல்லு’. தாம் பேசும்போதும் காது கொடுக்கும் பல இயந்திரங்களுக்கு அது குறுக்கீடு; சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். நம்பிக்கை இல்லையா? உங்கள் போனில் அப்படிப்பட்ட குரல் உதவியாளர் இருந்தால், அதைக் கதை சொல்லச் சொல்லி, நடுவே ‘ம்’ போட்டுப் பாருங்கள்.