ஒருமனப்பட்டு ஜெபிப்பது என்றால் என்ன?

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே,



சாணார்பட்டியிலிருந்தும் நத்தம் சாலையிலுள்ள மற்றக் கிராமங்களிலிருந்தும் வருகிற வியாதியஸ்தரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுண்டு: "ஐயா, ஒருத்தர் ஜெபிக்கிறதைவிட நிறையப் பேர் ஜெபிச்சா ஆண்டவர் சீக்கிரமா கேட்பாரா?" காணிக்கை அனுப்பும் உங்களில் சிலரும் கடிதங்களில் இதையே வேறுவிதமாய்க் கேட்கிறீர்கள். சபையார் எல்லாரும் உபவாசித்து ஜெபித்தும் ஒருவர் மரித்துப்போகும்போது இந்தக் கேள்வி கண்ணீரோடு வருகிறது. ஆகவே இம்மாதம் ஐக்கிய ஜெபத்தைக் குறித்துச் சற்று விளக்கமாய் எழுத விரும்புகிறோம்.

எண்ணிக்கை அல்ல, இசைவு

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில், ஒருமனப்பட்டுக் கேட்கிறவர்களுக்கு ஆண்டவர் வாக்குக் கொடுக்கிறார். அங்கே வருகிற கிரேக்கச் சொல்லுக்குப் பல குரல்கள் இசைந்து ஒலிப்பது என்று பொருள். 'சிம்பொனி' என்ற இசைச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. நமது சபைப் பாடகர் குழுவில் நான்கு விதக் குரல்கள் இருந்தாலும் சுருதி ஒன்றுதானே! அதற்கு ஆண்டவர் குறித்த எண்ணிக்கையோ வெறும் இரண்டு பேர். கூட்டம் பெரிதானால் பரலோகம் அசையும் என்று அவர் சொல்லவில்லை.

அந்த வாக்குத்தத்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அதற்கு முன்னே, குற்றஞ்செய்த சகோதரனிடம் தனியே போய்ப் பேசும்படியான கட்டளை இருக்கிறது. அதற்குப் பின்னே, எத்தனை தரம் மன்னிப்பது என்று பேதுரு கேட்கிறார். ஒப்புரவாகுதலுக்கும் மன்னிப்புக்கும் நடுவில்தான் ஐக்கிய ஜெபம் வைக்கப்பட்டிருக்கிறது. கிணற்றுப் பங்குக்காகப் பல வருஷம் பேசாதிருக்கும் அண்ணன் தம்பிகள் தகப்பனாரின் கட்டிலுக்கு இரு பக்கமும் நின்று, "ஜெபியுங்கள் ஐயா" என்று கேட்டால், நாங்கள் முதலில் அவர்கள் இருவரையும் ஒருவரோடொருவர் பேசச் சொல்லுகிறோம்.

லூதியானாவிலிருந்து ஓர் அழைப்பு

உலக முழுவதும் சபைகள் ஜனவரி முதல் வாரத்தை ஜெப வாரமாக ஆசரிக்கும் வழக்கம் நம் தேசத்திலிருந்து சென்ற ஓர் அழைப்பினால் உண்டாயிற்று என்பதை நம்மில் அநேகர் அறியோம். 1857-ஆம் ஆண்டுக் கலகத்தில் வட இந்தியாவிலிருந்த அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் மிஷன் பெருத்த சேதமடைந்தது. ஃபதேகரிலிருந்து படகில் தப்பிச் சென்ற 4 மிஷனெரித் தம்பதியரும் 2 பிள்ளைகளும் கான்பூரில் கொல்லப்பட்டார்கள். அந்தக் காயம் ஆறாதிருந்த 1858-ஆம் ஆண்டின் இறுதியில், அதே மிஷனின் ஊழியர்கள் பஞ்சாபிலுள்ள லூதியானாவில் கூடினார்கள். பழிவாங்குதலை அல்ல, ஜெபத்தையே நாடினார்கள். 1860 ஜனவரி இரண்டாம் வாரத்தில் எல்லாச் சபைப் பிரிவினரும் ஒருமனப்பட்டு ஜெபிக்க வேண்டுமென்று உலகத்திலுள்ள விசுவாசிகளுக்கு அழைப்பு விடுத்தார்கள். 1846-இல் லண்டனில் உருவான இவாஞ்சலிக்கல் அலையன்ஸ் அதை ஏற்று ஆண்டுதோறும் நடத்தத் தொடங்கியது.

அதே லூதியானாவில்தான், 1894-ஆம் ஆண்டு டாக்டர் எடித் பிரவுன் அம்மையார் கிறிஸ்தவப் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பல மிஷன்கள் சேர்ந்து தாங்கிய அந்தப் பள்ளி இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக ஊழியம் செய்கிறது.

ஜெபித்தவர்களே புறப்பட்டார்கள்

நமது தமிழ்நாட்டிலும் ஒரு சாட்சி உண்டு. 1950-களின் இறுதியில் வாலிபர்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடி, சுவிசேஷம் எட்டாத இடங்களுக்காக ஜெபிக்கத் தொடங்கினார்கள். அதுவே நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு. ஜெபிக்க ஜெபிக்க, "யாரை அனுப்புவது?" என்ற கேள்வி அவர்கள் பக்கமே திரும்பியது. 1967 முதல் தங்களுக்குள்ளிருந்தே மிஷனெரிகளை அனுப்பினார்கள். சம்பளமும் தங்கள் காணிக்கையிலிருந்தே கொடுத்தார்கள். பின்பு வட மாநிலங்களிலும் பரவிய அந்த ஊழியத்தின் பெயரில் இன்றும் 'ஜெபக்குழு' என்ற சொல்லே நிற்கிறது.

ஐக்கிய ஜெபத்தின் வல்லமையை நாங்கள் இங்கேதான் காண்கிறோம். சேர்ந்து ஜெபிக்கிறவர்கள் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கத் துணிகிறார்கள். கையும் காலும் பணப்பையும் ஜெபத்தோடுகூட அசைகின்றன.

யாக்கோபும் பேதுருவும்

அப்படியானால் மரித்துப்போனவருக்காகச் செய்த ஜெபம் வீணா? அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை நிதானமாய் வாசியுங்கள். சபை ஊக்கத்தோடு ஜெபித்தது. பேதுரு சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆனால் அதே அதிகாரத்தின் ஆரம்பத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார். யாக்கோபை நேசித்த சபையும் அதே சபைதான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்றோ, சபையார் ஜெபித்தது போதாது என்றோ வேதம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆகையால் துக்க வீட்டில், "நீங்கள் இன்னும் விசுவாசித்திருந்தால் பிழைத்திருப்பார்" என்று ஒருவரும் சொல்லவேண்டாம். அழுகிறவர்களோடு உட்கார்ந்து அழுவதும் ஐக்கிய ஜெபமே.

நீங்கள் செய்யக்கூடியவை

• வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், இரண்டு மூன்று குடும்பங்களாவது கூடுங்கள். ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று பாராமல் அழையுங்கள். சத்தமாய் ஜெபிப்பவரும் மௌனமாய் ஜெபிப்பவரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளுங்கள்.

• வியாதியஸ்தரின் பெயரையும் நோயையும் அவருடைய சம்மதமின்றிக் கூட்டத்தில் அறிவிக்காதிருங்கள். "ஒரு தாய்க்காக" என்றாலே ஆண்டவருக்குத் தெரியும்.

• ஜெபித்தாயிற்று என்று மருந்தை நிறுத்தச் சொல்லாதிருங்கள். பொதுவாக 6 மாதம் சாப்பிடவேண்டிய காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் முன்னிலும் கடினமாய்த் திரும்பக்கூடும். மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கும் கையும் ஜெபத்துக்குப் பதிலே.

• இரவுப் பணியிலிருக்கும் செவிலியரையும், மருத்துவச் செலவுக்காக நகையை அடகு வைத்துவிட்டு வராந்தாவில் காத்திருக்கும் குடும்பங்களையும் தவறாமல் நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அங்கே முழங்காலிடும்போது, நாங்கள் இங்கே கட்டிலருகில் நிற்கிறோம். தூரம் பல மைல், விண்ணப்பமோ ஒன்றே. கர்த்தர் உங்கள் குடும்பங்களையும் சபைகளையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைச் சாப்ளின்