சிவப்பு எரிந்தால் நில்லுங்கள்... மஞ்சளைத் தள்ளிப்போடாதீர்கள்!

டீசல் பிக்கப் வண்டியின் மீட்டர் போர்டு விளக்குகள் சொல்லும் சேதி

பூரணாங்குப்பத்தில் விடியற்காலையில் ஏற்றும் கத்திரிக்காயும் கீரையும் தேங்காயும் தவளக்குப்பம் வந்து கடலூர் சாலையைப் பிடிக்கின்றன. வடக்கே திரும்பினால் புதுச்சேரி பெரிய மார்க்கெட், தெற்கே திரும்பினால் கடலூர். ஒரு காலத்தில் மாட்டு வண்டி பார்த்த வேலையை இன்றைக்கு அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் டீசல் பிக்கப் வண்டிகள் பார்க்கின்றன. காய்கறி மட்டுமா? நெல் மூட்டை, வைக்கோல் கட்டு, சவுக்குக் கழி, உரம், கன்றுக்குட்டி என எல்லாம் இதே வண்டியில்தான்.

வண்டியின் பலகையில் டயர், லீஃப் ஸ்பிரிங் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து வாங்குகிற விவசாயிகள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரியும் சின்னச் சின்ன விளக்குகளைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. 'வண்டிதான் ஓடுதே, மார்க்கெட் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்' என்ற நினைப்பு. விளக்கு எரியும்போதும் வண்டி ஓடும் என்பது உண்மைதான். ஆனால், சில விளக்குகள் எரிந்த பிறகு ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் இன்ஜினின் ஆயுளைத் தின்கிறது. சில நூறு ரூபாய் ஆயிலில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரித்துப் போடும் செலவில் முடிகிறது. தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, அது ஒரு போகத்து வருமானம்.

நிறம்தான் முதல் பாடம்

எந்த நிறுவனத்து வண்டியாக இருந்தாலும் விளக்குகளின் நிறத்துக்கு ஒரே பொருள்தான். பச்சையும் நீலமும் தகவல் சொல்பவை. இண்டிகேட்டர் போட்டால் பச்சை, ஹை பீம் போட்டால் நீலம். மஞ்சள் எச்சரிக்கை, ஏதோ ஒரு பாகம் சரியாக வேலை செய்யவில்லை, சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று பொருள். சிவப்பு ஆபத்து, பத்திரமான இடம் பார்த்து உடனே ஓரம் கட்ட வேண்டும். குறியீடு புரியாவிட்டாலும் நிறத்தை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடலாம்.

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, முக்கியமான எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரியும். விளக்கு சரியாக இருக்கிறதா என்று வண்டி தன்னையே சோதித்துக்கொள்கிறது. சில விளக்குகள் ஓரிரு நொடிகளில் அணையும். ஆயில், பேட்டரி விளக்குகள் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணையும். இன்ஜின் ஓடும்போதும் அணையாமல் நிற்பது எதுவோ, அதுதான் கவனிக்க வேண்டியது. எரிய வேண்டிய விளக்கு எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். பழைய வண்டி வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது. கோளாறை மறைக்க விளக்கின் இணைப்பையே துண்டித்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

சிவப்பு விளக்குகள் நான்கு

1. எண்ணெய்க் குவளை: சொட்டு சிந்தும் குவளை போன்ற படம் இது. ஆயில் குறைந்துவிட்டது என்று மட்டும் இதற்குப் பொருள் இல்லை. ஆயிலின் அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். கிராங்க், பேரிங், டர்போ எல்லாம் அழுத்தத்தோடு வரும் ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கின்றன. படலம் போனால் இரும்போடு இரும்பு உரசும். எனவே ஓரம் கட்டியதும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். சமதரையில் சில நிமிடங்கள் விட்டு, டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் சரியான ஆயில் ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கட்டி இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

2. தெர்மாமீட்டர்: தண்ணீர் அலைமேல் தெர்மாமீட்டர் நிற்பது போன்ற படம். இன்ஜின் கொதிக்கிறது. ஏ.சி இருந்தால் அணைத்து, ஓரம் கட்ட வேண்டும். ஆவி வந்தாலோ, கூலன்ட் ஒழுகினாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். அவசரத்தில் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. ஹெட்டில் விரிசல் விழும். கடலோரக் கிராமங்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உப்பேறிய போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே இருந்தால், உள்ளே துரு பிடித்து உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். கையேட்டில் சொல்லியிருக்கும் கூலன்ட்டைத்தான் ஊற்ற வேண்டும்.

3. பேட்டரி: பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்து, புதிது வாங்கிப் போடுபவர்கள் உண்டு. உண்மையில், டைனமோவில் இருந்து சார்ஜ் ஏறவில்லை என்பதே இதன் பொருள். முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்த வண்டியை ஓட்டினால், சற்று நேரத்தில் இன்ஜின் கொதிக்கும். சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப்பும் டைனமோவோடு சேர்ந்தே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பெல்ட் போனால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். பெல்ட் நன்றாக இருந்தால், தேவையில்லாத மின்சாரச் செலவுகளை அணைத்துவிட்டு, இன்ஜினை இடையில் நிறுத்தாமல் பக்கத்து மெக்கானிக் கடைக்குப் போய்விடலாம். கடலோர உப்புக் காற்றில் பேட்டரி முனைகளில் பூத்துக்கொள்ளும் வெள்ளைப் பொடியையும் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

4. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி: இது பிரேக். முதலில் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கியிருந்தும் எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். ஆயில் தானாக ஆவியாகிப் போகாது. எங்கோ கசிகிறது, அல்லது பேட் தேய்ந்து போயிருக்கிறது. மிதித்தால் பிரேக் அடிவரை இறங்குகிறது என்றால் வண்டியை நகர்த்தவே கூடாது. ஒரு டன் சுமையோடு கடலூர் சாலையில் பரிசோதனை செய்து பார்க்கிற விஷயம் இல்லை இது. ஏ.பி.எஸ் என்ற மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால், வழக்கமான பிரேக் பிடிக்கும். ஆனால் ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டி வண்டி வழுக்கலாம்.

மஞ்சள் விளக்குகள்

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே பலருக்கும் பயம். இது ஒரு குறிப்பிட்ட கோளாறைச் சொல்வதில்லை. இன்ஜினையும் புகையையும் கண்காணிக்கும் கம்ப்யூட்டர், எங்கோ ஒரு கணக்கு உதைக்கிறது என்று குறித்து வைத்திருக்கிறது. ஓ.பி.டி ஸ்கேனர் இருக்கும் கடையில் மாட்டினால், கோளாறின் எண் தெரியும். எண் தெரியாமல் ஊகத்தில் பாகம் மாற்றுவது வீண் செலவு. விளக்கு நின்று எரிந்தால், மெதுவாக ஓட்டிச்சென்று ஓரிரு நாளில் காட்டலாம். சிமிட்டினாலோ, வண்டி இழுக்காமல் சோர்ந்தாலோ, சுமையையும் வேகத்தையும் உடனே குறைத்துக் கடைக்குப் போக வேண்டும்.

சுருள் கம்பி போன்ற விளக்கு குளோ பிளக். அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்தால் போதும். ஓடும்போது சிமிட்டினால் காட்ட வேண்டும்.

சின்னத் தூரம்... பெரிய அடைப்பு!

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு வந்த டீசல் வண்டிகளில் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. டீசல் புகையின் கரித்தூள் இதில் தங்கும். குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும், வண்டி தானாகவே புகையின் வெப்பத்தைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி, கரியை எரித்துவிடும்.

பிரச்னை என்னவென்றால், இதற்கு வண்டி தொடர்ந்து ஓட வேண்டும். வயலில் இருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு, வழியில் நான்கு இடத்தில் நிறுத்தம் என்று சின்னத் தூரமே ஓடும் கிராமத்து வண்டியில் எரிப்பு பாதியிலேயே நின்றுபோகிறது. கரி சேர்ந்துகொண்டே போகும். அப்போதுதான் பெட்டிக்குள் புள்ளிகள் போன்ற மஞ்சள் விளக்கு எரிகிறது. அது எரிந்த அன்றைக்கே நான்குவழிச் சாலைக்குக் கொண்டுபோய், கையேட்டில் சொல்லியிருக்கும் வேகத்தில் பொதுவாக 15, 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால், பல நேரம் விளக்கு தானாக அணைந்துவிடும். செலவு கொஞ்சம் டீசல்தான். கண்டுகொள்ளாமல் விட்டால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு பட்டறையில் கருவி வைத்துத்தான் எரிக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும். எரிப்பு நடக்கும்போதும் முடிந்த உடனேயும் வைக்கோல் போர், காய்ந்த சருகு மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும்.

இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரி எரிந்துவிடும், ஆயில் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

வயல் யூரியா வண்டிக்கு ஆகாது

சில பி.எஸ்-6 வண்டிகளில் நீல மூடி போட்ட இன்னொரு தொட்டி இருக்கும். அதில் ஊற்றுவது டி.இ.எஃப் திரவம். 32.5 சதவிகிதம் தூய யூரியாவும், மீதி உப்பு நீக்கிய தண்ணீரும் சேர்ந்தது. புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு நச்சை, தீங்கில்லாத நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்ற இது உதவுகிறது. அளவு குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். முற்றிலும் தீர்ந்தால் வண்டி இழுவையைக் குறைக்கும். சில வண்டிகள் அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

'யூரியாதானே, வீட்டில் மூட்டை கிடக்கிறதே' என்று தண்ணீரில் கரைத்து ஊற்றிவிடக் கூடாது. 2015 முதல் வயல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும், உரத்தில் இருக்கும் மற்ற அசுத்தமும், தண்ணீரின் உப்பும் சேர்ந்து தெளிப்பு முனையை அடைத்து, விலை உயர்ந்த மாற்றுக்கலனைப் பாழாக்கும். மானிய யூரியாவை விவசாயம் தவிர்த்த வேலைக்குப் பயன்படுத்துவது 1985-ம் ஆண்டு உரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட. சீல் பிரிக்காத கேனில் வரும் திரவத்தையே வாங்க வேண்டும். தவறுதலாக அதை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால், சாவியைக்கூடத் திருப்பக் கூடாது. டேங்கைக் காலி செய்து கழுவ வேண்டும்.

மழையும் டீசலில் தண்ணீரும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையும், அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் இந்தப் பகுதி மக்களுக்கு மறக்காது. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டியை 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று செல்ஃப் அடிப்பதுதான் பெரிய தவறு. காற்று வடிகட்டி வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மெக்கானிக்கை வரவழைப்பதே நல்லது.

டீசல் ஃபில்டர் படத்தின் கீழ் சொட்டு தெரியும் விளக்கு எரிந்தால், டீசலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. கேனில் வாங்கித் திறந்து வைத்த டீசல், பாதி காலியாகவே கிடக்கும் டேங்க், சரியாக மூடாத மூடி ஆகியவை காரணமாகலாம். டயரில் அடிக்கும் காற்று 50 பி.எஸ்.ஐ என்றால், இன்றைய டீசல் இன்ஜினில் எரிபொருள் 14,500 பி.எஸ்.ஐ-க்கும் மேலான அழுத்தத்தில் பாய்கிறது. அந்தப் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் வழவழப்பு. தண்ணீர் போனால் தேய்ந்து துருப்பிடிக்கும். உடனே நிறுத்தி, ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மறுபடி எரிந்தால் பட்டறைதான்.

கேள்வி - பதில்

'விளக்கு எரிகிறது, ஆனால் இழுவையில் குறை இல்லை. பேட்டரி முனையைக் கழற்றி மாட்டினால் அணைந்துவிடுகிறதே, போதாதா?'

போதாது. அழிவது கம்ப்யூட்டரின் குறிப்புதான். கோளாறு அப்படியே இருக்கும். மெக்கானிக்குக் காரணம் தெரியும் வழியும் அடைபட்டுவிடும்.

'டி.பி.எஃப்-ஐ வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார்களே?'

வண்டியின் அமைப்பை இப்படி மாற்றுவதற்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருவதில்லை. வாரன்டி போகும். எஃப்.சி-க்குப் போகும்போது சிக்கல் வரும். வாரத்துக்கு ஒருமுறை நல்ல சாலையில் தொடர்ந்து ஓட்டுவதே எளிய வழி.

'வீட்டில் மூன்று பேர் வண்டியை ஓட்டுகிறோம். எல்லோருக்கும் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?'

கையேட்டில் விளக்குகள் இருக்கும் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து மூவரும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குவளை, தெர்மாமீட்டர், பேட்டரி, ஆச்சரியக்குறி என்ற நான்கு சிவப்புப் படங்களை மட்டும் ஒரு தாளில் வரைந்து, 'எரிந்தால் ஓரம் கட்டு' என்று எழுதி வண்டிக்குள் ஒட்டுங்கள். எந்த விளக்கு எரிந்தாலும், அதை அணைப்பதற்கு முன்பு படம் எடுத்துவிடுங்கள். மெக்கானிக்கிடம் வாயால் விவரிப்பதைவிட அந்தப் படம் அதிகம் சொல்லும்.