கொங்குநாட்டு மக்கட்பெயரும் முன்னெழுத்தும்

மக்கட்பெயர் ஒருவரை விளித்தற்கு மட்டும் அமைந்ததன்று. அவர் யார் மகன், எவ்வூரினர், யாது தொழிலினர் என அறிவித்தற்கும் அது பயன்படுகின்றது. இவற்றுள் எதனைப் பெயரோடு சேர்ப்பது என்பதில் நாடுதோறும் வேற்றுமை உண்டு. ஐஸ்லாந்து மக்கள் தந்தை பெயரோடு மகன், மகள் என்னும் பொருள்தரும் சொல்லைச் சேர்த்து வழங்குவர். 1925-ஆம் ஆண்டுச் சட்டம் அங்குப் புதிய குடும்பப்பெயர் புனைதலைத் தடுத்தது. துருக்கியிலோ 1934-ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கிற்று. தமிழர் வழக்கு முன்னதனோடு ஒப்புமையுடையது.

நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர், உடைப்பெயர் எனத் தொல்காப்பியப் பெயரியல் வகுக்கும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊரும், தந்தை தொழிலும், இயற்பெயரும் முறையே நிற்றல் காண்க. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பதில் அறுவை ஆடையைக் குறிக்கும். தந்தை பெயர் முன்னும் மகன் பெயர் பின்னுமாகப் புணருங்கால் கொற்றங்கொற்றன் என வருதற்கும் எழுத்ததிகாரத்தில் விதி உண்டு. எனவே, இன்றைய முன்னெழுத்து வழக்கின் அடிப்படை ஆங்கிலேயர் தந்ததன்று. எழுத்தாகச் சுருங்கிய வடிவமே பிற்காலத்தது.

கொங்கு வேளாளர் கூட்டப்பெயர்களுள் ஆந்தை, சாத்தந்தை என்பன ஈண்டுக் கருதத்தக்கன. ஆந்தை என்பதனைப் பறவைப் பெயராகவே பலர் கொள்வர். ஆனால் ஆதன் என்பதும் தந்தை என்பதும் புணர்ந்து ஆந்தையாகும் எனவும், சாத்தன் தந்தை சாத்தந்தையாம் எனவும் இலக்கணம் கூறும். பிசிராந்தையார் பெயரும் இவ்வகையினது. மகன் பெயரால் தந்தையைச் சுட்டும் இம்முறை, அரபு மக்களின் ‘அபூ’ என்னும் வழக்கோடு ஒக்கும். சாத்தந்தை என்னும் பெயர் உடனிருத்தலின், பறவைப் பொருளினும் இப்பொருளே பொருந்துவதாகத் தோன்றுகின்றது. இக்கூட்டப்பெயர்கள் மணவுறவில் விலக்கு வரையறுக்குமேயன்றி, அன்றாடப் பெயரின் ஈற்றில் நிற்பதில்லை.

பழைய பெயர்வகைகள் இன்றும் வழக்கொழிந்தில. 1904-இல் சென்னிமலையிற் பிறந்த குமாரசாமி, 1932-இல் திருப்பூரில் கொடியேந்திச் சென்று தடியடியால் உயிர்நீத்தார். திருப்பூர் குமரன் என்பது நிலத்தாலும், கொடிகாத்த குமரன் என்பது செயலாலும் அமைந்தன. பிறந்த ஊர் நீங்கி, உயிர்நீத்த ஊரே பெயரில் நிலைத்தது.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. அவை படிப்படியாக நீங்க, தந்தையின் முன்னெழுத்தே எஞ்சியது. இந்நிலையில், குடும்பப்பெயரைக் கேட்கும் படிவங்கள் இடர்ப்பாடு விளைக்கின்றன. திருப்பூரைச் சார்ந்த மண்ணரை போன்ற இடங்களில் பனியன் கம்பெனிகளிற் பணிபுரியும் பெண்ணொருத்தி, பள்ளிச் சான்றிதழில் தந்தை முன்னெழுத்தையும், மணத்திற்குப்பின் பிற சான்றுகளிற் கணவன் முன்னெழுத்தையும் கொள்வாளாயின், ஏட்டில் இருவராகத் தோன்றுவாள்; உழைத்துச் சேர்த்த வைப்புநிதியைப் பெறுதற்குத் தாமே அவர் என நிறுவ வேண்டியவளாவாள். பீகாரினின்று வந்து உடன் உழைப்போருட் பலர், சாதி புலப்படாவாறு ‘குமார்’ என்பதனை ஈற்றிற் கொள்வர். அதனைக் குடும்பப்பெயர் எனக் கொள்ளின், உறவற்றோர் பலர் ஒரு குடும்பத்தினராவர்! தமிழ் மகனோ தன் தந்தை பெயரால் விளிக்கப்படுவான்.

ஆதலின், இயற்பெயர் ஒன்று, பெற்றோர் பெயர் ஒன்று எனப் பதிவேடுகள் தனித்தனியே கொள்ளுதலும், மணத்தால் முன்னெழுத்தை மாற்றாது விடுதலும் தக்கன. பெயர்க்கேற்ற படிவம் வேண்டுமேயன்றிப் படிவத்திற்கேற்ற பெயர் வேண்டா.